குடவோலையும் மரபணுவும்: மறதி நோய் பரம்பரையா?

உத்திரமேரூர் என்று சொன்னவுடன் பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த எல்லோருக்கும் ஞாபகம் வருவது குடவோலை முறைதான். ஐந்து மார்க் கேள்வி! அந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919-ல் வெட்டியது, இன்னொன்று கி.பி. 921-ல். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஆனால் அந்தக் கல்வெட்டில் தேர்வில் அதிகம் கேட்காத இரண்டு விஷயங்கள் உண்டு.

முதலாவது வயது. 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, உறுப்பினராக வருபவர் 30 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டே வருடத்தில் அதை மாற்றி 35-க்கு மேல் 70-க்குள் என்று ஆக்கிவிட்டார்கள். காரணம் எதுவும் எழுதவில்லை.

இரண்டாவது சொந்தம். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், தாய்மாமன் என்று அந்த உறவுப் பட்டியல் நீளமாகப் போகிறது. தப்பு செய்தது ஒருவர், விலக்கி வைக்கப்படுவது ஒரு வம்சம்.

ஆயிரத்து நூறு வருடம் கழித்து இதே இரண்டு விஷயங்களும் வேறு ஒரு இடத்தில் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன. வயதானவர் ஒருவர் சொந்தப் பிள்ளையின் பெயரையே மறந்துபோகும்போது வீட்டில் இருப்பவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. வயதானால் இப்படித்தான் ஆகுமா? இது நமக்கும் வருமா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விஞ்ஞானம் எப்படிப் பதில் தேடியது, அதில் நம்ம ஊர்ப்பக்கக் கிராமங்களுக்கு என்ன பங்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

நோய் என்று யாரும் சொல்லவில்லை

நம் கிராமங்களில் இதற்குத் தனியாக ஒரு நோய்ப் பெயர் இருந்ததாகத் தெரியவில்லை. "தாத்தாவுக்கு வயசாயிடுச்சு", "ஆயா சின்னப் புள்ள மாதிரி ஆயிட்டாங்க" என்பார்கள், அவ்வளவுதான். ஈழத்தமிழர்கள் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். கேரளத்தில் சில இடங்களில் "சின்னன்" என்ற சொல் உண்டு. இந்தியில் "சட்டியா கயா" என்று ஒரு பேச்சு. அதாவது "அறுபதாகிவிட்டது" என்று அர்த்தம்! உத்திரமேரூர்க்காரர்கள் முதலில் போட்ட அதே 60.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரு பருவத்தைச் சொல்கின்றனவே தவிர ஒரு வியாதியைச் சொல்லவில்லை. இதில் ஒரு நன்மை இருந்தது. அந்த முதியவரை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. சாப்பாடு ஊட்டி, கையைப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கெடுதலும் இருந்தது. யாரும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மன அழுத்தம் போன்றவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. காது கேட்காதவரையும், கண்புரையால் ஆள் அடையாளம் தெரியாதவரையும் புத்தி மங்கியவர் என்று வீட்டார் நினைத்துவிடுவதும் உண்டு. எல்லாவற்றையும் "வயசு" என்ற ஒரே பேரேட்டில் எழுதிவிட்டால் எது தீரக்கூடியது, எது தீராதது என்று பிரிக்கவே முடியாது.

நம்ம ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய மருத்துவர்களும் ரொம்ப நாள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1906: ஜெர்மனியில் ஒரு மூளை

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஒரு மனநல மருத்துவமனையில் அகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தார்கள். ஞாபகம் போய்விட்டது, தன் பெயரைக்கூட முழுதாக எழுத முடியவில்லை. அவரைப் பார்த்த டாக்டர்தான் அலோயிஸ் அல்சைமர். 1906-ல் அந்தப் பெண் இறந்த பிறகு மூளையை வரவழைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. செல்களுக்கு உள்ளே நூல் சிக்கு போட்டது போல முடிச்சுகள் இருந்தன. அதே வருடம் நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். அங்கே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை! 1910-ல் எமில் கிரெப்ளின் என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவர் தன்னுடைய பாடப் புத்தகத்தில் இதற்கு "அல்சைமர் நோய்" என்று பெயர் வைத்தார்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. அந்தப் பெண்ணுக்கு வயது 51. ஆகவே இது நடுத்தர வயதில் வரும் அபூர்வ நோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 75 வயதில் ஒருவருக்கு மறதி வந்தால் அது நோய் கிடையாது, ரத்தக்குழாய் தடித்துப்போய் வருகிற முதுமை என்றார்கள். நம்ம ஊர் "வயசாயிடுச்சு" தான் அங்கே லத்தீன் பெயரோடு இருந்தது.

இதை மாற்றியவர்கள் 1960-களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஆராய்ச்சி செய்த மார்ட்டின் ராத் குழுவினர். மறதியோடு இறந்த முதியவர்களின் மூளையைப் பார்த்தபோது அல்சைமர் பார்த்த அதே திட்டுகள், அதே முடிச்சுகள்! 1976-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் இரண்டும் ஒரே நோய்தான் என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அன்றைக்கு ஒரு அபூர்வ வியாதி உலகத்தின் மிகப் பெரிய வியாதிகளில் ஒன்றாக மாறியது. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வயது ஏற ஏற இது வரும் வாய்ப்பும் ஏறுகிறது என்பது உண்மை. ஆனால் வயதானால் எல்லோருக்கும் வந்தே தீரும் என்று கிடையாது.

அடுத்தது இரண்டாவது கேள்வி.

ஒரு கடிதம்

1984-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னர், கெயின் வாங் என்ற இருவர் அந்தத் திட்டுகளில் படிந்திருக்கும் புரதம் எது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் பீட்டா அமிலாய்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று அதிகம். அவர்களுக்கு நாற்பது வயதிலேயே மூளையில் இதே திட்டுகள் தெரியும். ஆகவே கோளாறு 21-ல்தான் இருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தார்கள்.

தேடுவதற்குக் குடும்பம் வேண்டுமே? இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியிலிருந்து ஒரு பெண் லண்டன் ஆராய்ச்சியாளர்களுக்குக் கடிதம் எழுதினார். தன் அப்பாவுக்கும் அவர் கூடப் பிறந்தவர்கள் சிலருக்கும் இந்த நோய் வந்திருக்கிறது, எங்கள் குடும்பத்தை ஆராய்ந்து பாருங்கள் என்று அவரே முன்வந்தார். அந்தக் குடும்பத்தின் ரத்த மாதிரிகளை வைத்து ஜான் ஹார்டி, அலிசன் கோட் குழு 1991-ல் 21-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தது. 1995-ல் பிரசெனிலின் 1, பிரசெனிலின் 2 என்று இன்னும் இரண்டு மரபணுக்கள் சேர்ந்தன.

இந்த மூன்றில் நோயை உண்டாக்கும் பிழை இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாக நோய் வரும், அதுவும் 40, 50 வயதிலேயே. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு.

இதன் கொடுமையை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால் கொலம்பியா நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஆண்டியோக்கியா என்ற மலைப்பகுதிக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக நாற்பதுகளின் நடுவிலேயே ஆட்கள் நினைவு இழந்தார்கள். ஊரார் அதை "முட்டாள்தனம்" என்ற அர்த்தம் வரும் ஒரு சொல்லால் அழைத்தார்கள், சாபம், சூனியம் என்றும் நம்பினார்கள். பிரான்சிஸ்கோ லோபெரா என்ற நரம்பியல் மருத்துவர் 1980-களிலிருந்து வீடு வீடாகப் போய் வம்சாவளி எழுதினார். சில ஆயிரம் பேர் கொண்ட அந்தப் பெரிய சொந்தக் கூட்டத்தில் பிரசெனிலின் 1-ல் ஒரே ஒரு பிழை ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. சாபத்தின் பெயர் கிடைத்துவிட்டது.

ஆனால் அங்கேயே ஓர் ஆச்சரியமும் நடந்தது. அந்தப் பிழை உள்ள ஒரு பெண்மணிக்கு நாற்பதுகளில் நோய் வரவில்லை, எழுபதுகள் வரைக்கும் தெளிவாக இருந்தார். இன்னொரு மரபணுவில் இருந்த ஓர் அபூர்வ மாற்றம் அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று 2019-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த இன்னொரு மரபணுதான் நம் கதையின் முக்கியப் பாத்திரம். பெயர் அப்போஇ.

குடத்தில் இருக்கும் ஓலை

மேலே சொன்ன "நிச்சய" மரபணுக்கள் உலகத்தில் அல்சைமர் நோய் உள்ளவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட இருப்பதில்லை. 70, 80 வயதில் வரும் சாதாரண மறதி நோய்க்குப் பின்னால் இருக்கும் மரபணு வேறு.

1993-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் தலைமையிலான குழு அதை வெளியிட்டது. கொழுப்பை ஏற்றி இறக்கும் வேலை செய்யும் ஒரு புரதத்துக்கான மரபணு அது, 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. கொழுப்புக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் பலர் நம்பவில்லை.

இதைப் புரிந்துகொள்ள உத்திரமேரூர் குடமே போதும்.

ஒவ்வொருவரிடமும் அப்போஇ என்ற பெயரில் இரண்டு ஓலைகள் உண்டு. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஓலையில் 2, 3, 4 என்ற எண்களில் ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு 3. குழந்தை உருவாகும்போது அம்மாவின் இரண்டு ஓலையில் ஒன்றும் அப்பாவின் இரண்டு ஓலையில் ஒன்றும் வரும். எது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. குடத்தில் கைவிட்ட அந்தச் சிறுவனுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது அல்லவா? அதே மாதிரிதான். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கு வர வேண்டும் என்று அவசியமில்லை.

4-ஆம் எண் ஓலை ஒன்று இருந்தால் ஐரோப்பிய வம்சத்தவரிடம் செய்த ஆய்வுகளின்படி ரிஸ்க் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது. இரண்டுமே 4 என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு, சில ஆய்வுகளில் அதற்கும் மேல். 2-ஆம் எண் ஓலை ரிஸ்க்கைக் குறைக்கிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். 4 இருந்தும் கடைசி வரை தெளிவாக வாழ்ந்தவர்கள் நிறைய. 4 இல்லாமலே நோய் வந்தவர்களும் நிறைய. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இன்சூரன்ஸ் கம்பெனி வைத்திருக்கும் இறப்பு விகித அட்டவணை, ஒரு லட்சம் பேரில் அடுத்த வருடம் எத்தனை பேர் இறப்பார்கள் என்று சொல்லும். யார் இறப்பார் என்று சொல்லாது. 4-ஆம் எண் ஓலையும் அந்த அட்டவணை மாதிரிதான். கூட்டத்தைப் பற்றிச் சொல்லும், ஆளைப் பற்றித் தீர்ப்பு எழுதாது.

பிறகு மரபணுத் தேடல் வேகம் பிடித்தது. 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு நோயோடு தொடர்புள்ள 75 இடங்களை மரபணுத் தொகுதியில் காட்டியது. ஆனால் அதற்கு ரத்தம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவர்கள். அப்படியானால் நம் கிராமத்து முதியவர்கள்?

திருப்போரூரில் 750 பேர்

இந்தியாவில் முதலில் தெரிய வேண்டியிருந்தது மரபணு அல்ல. இந்த நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற எண்ணிக்கையே கையில் இல்லை.

1990-களில் டாக்டர் எஸ். ராஜ்குமார், டாக்டர் ஆர். தாரா உள்ளிட்ட சென்னை மனநல மருத்துவர்கள் திருப்போரூரைத் தேர்ந்தெடுத்தார்கள். உத்திரமேரூருக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம் இருக்கும் ஊர். இரண்டு ஊரும் அப்போது ஒரே செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்தன. 2019-ல் திருப்போரூர் மட்டும் புதிய செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே 60 வயதைக் கடந்த 750 பேரைப் பார்த்ததில் 3.5 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. 1997-ல் முடிவு வெளியானது. கிராமத்தில் இந்த நோயே கிடையாது, அது பட்டணத்து வியாதி என்ற பேச்சுக்கு அது ஒரு பதில். சென்னை நகரத்தில் அதே காலத்தில் கண்ட எண்ணிக்கை 2.7 சதவீதம்தான்!

அதே சமயம் அரியானா மாநிலம் பல்லப்கட் கிராமங்களில் இந்திய-அமெரிக்கக் கூட்டு ஆய்வு ஒன்று நடந்தது. விஜய் சந்திரா, மேரி கங்குலி ஆகியோர் தலைமையில் 55 வயதைக் கடந்த 5,126 பேரைப் பார்த்தார்கள். அதில் 73 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அமெரிக்காவில் மறதியைச் சோதிக்கப் பயன்படும் கேள்வித்தாள் ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறது, ஒரு வரியைப் படிக்கச் சொல்கிறது. பள்ளிக்கூடமே போகாத பாட்டியிடம் அதை நீட்டினால் பாட்டி ஃபெயில்! அது மறதியா, படிப்பில்லாததா?

ஆகவே கேள்விகளை மாற்றினார்கள். எழுதச் சொல்வதற்குப் பதில் உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். "கண்ணை மூடு" என்ற அட்டையைப் படிக்கச் சொல்வதற்குப் பதில் நான் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள் என்றார்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் எழுத்தறியாத ஒரு தலைமுறையையே புத்தி கெட்டவர்கள் என்று தப்புக் கணக்கு எழுதாமல் காப்பாற்றியது அதுதான்.

1998-ல் வந்த முடிவின்படி அங்கே 65 வயதைக் கடந்தவர்களில் 1.36 சதவீதம் பேருக்குத்தான் டிமென்ஷியா. உலகத்திலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. உடனே எல்லோரும் மரபணுவைப் பார்த்தார்கள். 2000-ல் வெளியான ஆய்வு பல்லப்கட்டையும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஒரு பகுதியையும் ஒப்பிட்டது. 4-ஆம் எண் ஓலை பல்லப்கட்டில் சுமார் 7 சதவீதம், அங்கே சுமார் 11 சதவீதம். ஆனால் அந்த ஓலை உள்ளவருக்கு நோய் வரும் ரிஸ்க் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கூடியது. அதாவது நம் நாட்டுக் கிராமத்திலும் ஓலை அதே வேலையைத்தான் செய்கிறது. ஓலைகளின் எண்ணிக்கைதான் கொஞ்சம் குறைவு.

அதனால்தான் நோயும் குறைவு என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது என்று வேலூர் காட்டியது.

வேலூர் சொன்ன பாடம்

1998-ல் 10/66 என்ற பெயரில் ஒரு உலக ஆராய்ச்சிக் குழு தொடங்கியது. பெயரே ஒரு புகார்தான்! டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை. இந்தியாவில் சென்னை நகரத்தையும் வேலூர் சி.எம்.சி.க்குப் பக்கத்துக் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களையும் எடுத்துக்கொண்டார்கள்.

வேலூர்க் கிராமங்களில் 65 வயதைக் கடந்த ஆயிரம் பேரைப் பார்த்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவ விதிப்படி கணக்குப் போட்டால் நோய் உள்ளவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. படிப்பு, பண்பாடு இவற்றைக் கணக்கில் எடுத்து 10/66 குழு உருவாக்கிய முறைப்படி போட்டால் 10.6 சதவீதம்! அதே ஆட்கள், அதே ஊர், அதே நாள். பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். எப்படி?

அமெரிக்க விதிப்படி மறதி மட்டும் போதாது. அன்றாட வேலை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று வீட்டில் இருப்பவர் சொல்ல வேண்டும். நம்ம ஊரில் மருமகளிடம் போய் "மாமியாருக்கு வேலை செய்வதில் ஏதாவது சிரமம் இருக்கிறதா" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "அவங்க எதுக்குங்க வேலை செய்யணும், நாங்க பாத்துக்கறோம்." சமையல் மருமகள் கையில், கடைக்குப் பேரன் போகிறான், பணம் மகன் கணக்கில். வேலையே கொடுக்காதபோது வேலை செய்ய முடியாமல் போனது எப்படித் தெரியும்? பாசமே நோயை மறைத்துவிட்டது.

ஆகவே "இந்தியக் கிராமத்தில் மறதி நோய் குறைவு, நம் மரபணு நல்லது" என்று பெருமைப்பட்டதில் ஒரு பங்கு அளவுகோலின் குறையாக இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு இந்தியா முழுக்க ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். 2017 முதல் 2020 வரை டெல்லி எய்ம்ஸ் முன்னின்று நடத்திய லாசி-டாட் ஆய்வில் 60 வயதைக் கடந்த 4,096 பேரைச் சோதித்தார்கள். 2023-ல் வந்த முடிவு: டிமென்ஷியா 7.4 சதவீதம், அதாவது நாடு முழுக்க சுமார் 88 லட்சம் பேர். நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4 சதவீதம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம்.

இதே ஆய்வில் ரத்தம் கொடுத்த 2,700-க்கும் மேற்பட்ட முதியவர்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து 2025-ல் வெளியிட்டார்கள். இனிமேல்தான் நம் மக்களின் ஓலைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். கர்நாடகத்தில் ஸ்ரீனிவாசபுரம் கிராமங்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையமும் நீண்டகால ஆய்வு ஒன்றை நடத்தி வருகிறது.

மதிய உணவும் மூளையும்

லாசி-டாட் எண்களை இன்னொரு முறை பாருங்கள். கிராமம், பெண், படிப்பில்லாதவர். நகரத்துக்கும் கிராமத்துக்கும் மரபணு அவ்வளவு மாறிவிடுமா? ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த அண்ணனும் தங்கையும் ஒரே குடத்திலிருந்துதான் ஓலை எடுக்கிறார்கள். பிறகு அண்ணனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தங்கையைக் களை எடுக்க அனுப்பினால், அறுபது வருடம் கழித்து அதன் கணக்கு வேறு ஒரு பக்கத்தில் வருகிறது. பெண்கள் அதிக வயது வரை வாழ்வதும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணமில்லை.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் பத்தில் ஒருவருக்குக்கூட எழுத்தறிவு இல்லை. அந்தக் காலத்துச் சிறுமிகள்தான் இன்றைய பாட்டிகள். காமராஜர் முதல்வராக இருந்தபோது 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார், ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தன. அன்றைக்கு ஆறு வயதில் சோற்றுக்காகப் பள்ளிக்குப் போன குழந்தை இன்று 75 வயதைத் தாண்டிய முதியவர். யாரும் அன்றைக்கு அதை மறதி நோய்க்கான திட்டம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சிறுவயதுப் படிப்பு மூளைக்கு ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். நோய் வந்து எடுத்துக்கொண்டே போனாலும் இருப்பு அதிகம் உள்ளவர் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாக்குப் பிடிப்பார்.

லான்செட் இதழின் டிமென்ஷியா குழு 2024-ல் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. படிப்புக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகை, மது, தலையில் அடி, தனிமை, மன அழுத்தம், உடல் பருமன், உடல் உழைப்பின்மை, காற்று மாசு. இந்தப் பதினான்கையும் சரிசெய்தால் உலகத்தில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. இதில் பலவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கவனிக்கக்கூடியவை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி. மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. அந்த மாத்திரையை விடாமல் சாப்பிடுவது மூளைக்கும் நல்லது என்று எத்தனை வீட்டில் தெரியும்?

தெரிந்துகொள்ள வேண்டுமா?

டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் 2007-ல் தன்னுடைய மரபணுத் தொகுதி முழுவதையும் உலகத்துக்கு வெளியிட்டார். ஒன்றை மட்டும் மறைக்கச் சொன்னார். அது அப்போஇ! அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. தனக்கு என்ன ஓலை என்று அவர் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. 2025-ல் 97 வயதில் இறந்தார்.

நோய் அறிகுறி இல்லாத ஒருவர் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளத் தேவையில்லை என்பதுதான் மருத்துவர்களின் பொதுவான ஆலோசனை. முடிவு எப்படி வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றேதான்: கொதிப்பு, சர்க்கரை, காது, கண், நடை. 40, 50 வயதிலேயே பலருக்கு வந்த குடும்பம் என்றால் விஷயம் வேறு. அவர்கள் முறையான மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. அதேபோல் 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகானமாப் போன்ற புதிய மருந்துகளைத் தருவதற்கு முன் அப்போஇ சோதனை செய்வார்கள். இரண்டு 4 உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு வரும் அபாயம் அதிகம்.

ஆனால் ஊரில் நடப்பது என்ன? பாட்டிக்கு மறதி என்று தெரிந்தால் "அந்தக் குடும்பத்துல புத்தி சரியில்ல" என்று பேச்சு வரும், கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். டாக்டரிடம் போகாததால் தீரக்கூடிய மறதியும் தீராமல் போகிறது. பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாகச் சோர்ந்துபோகிறார். கணக்குக் காட்டாதவரின் தாய்மாமனையும் அத்தை பிள்ளையையும் விலக்கி வைத்த அந்த உறவுப் பட்டியல் இன்னும் நம் மனதில் இருக்கிறது. அங்கேயாவது ஒருவர் தப்பு செய்திருந்தார். இங்கே யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

கடைசியாக உத்திரமேரூர் சுவரையே இன்னொரு முறை பார்க்கலாம். 919-ல் 60 வயதோடு போதும் என்று கல்லில் வெட்டிய அதே சபை, 921-ல் 70 வரை இருக்கலாம் என்று திருத்தி மறுபடி வெட்டியது. கல்லில் எழுதியதையே இரண்டு வருடத்தில் மாற்றியவர்கள் நம் முன்னோர்கள். குடத்திலிருந்து வந்த ஓலையை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் அந்த ஓலையோடு ஒருவர் எத்தனை வயது வரை தெளிவாக இருப்பார் என்பதில் பள்ளிக்கூடத்துக்கும், பி.பி. மாத்திரைக்கும், திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருப்பதற்கும் பங்கு உண்டு. வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டி ஒரே கேள்வியை நான்காவது முறை கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். பிறகு ஒரு நாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.